விழுந்தால் எந்த வீட்டுக்கு?

காப்பியங்களையும் கவிதைகளையும் திறனாய்ந்து பழகிய பக்கங்களில், ஒரே ஒரு விளம்பர வாசகத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஆராயப் புகுவது வாசக அன்பர்களுக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் தமிழகத்தின் கடைத்தெருக்களிலும் பேருந்து நிலையங்களிலும் ஒரு காலத்தில் அதைக் கேளாத செவியே இல்லை. 1968ஆம் ஆண்டில் தமிழக அரசு பரிசுச்சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது, அறிஞர் அண்ணா அவர்களின் பெயரோடு இணைந்து நாடெங்கும் பரவிய வாசகம் அது: "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு."

அதன் சொல்லழகை முதலில் ஒப்புக்கொள்வோம். தொடக்கத்தில் மோனை; முடிவில் இயைபு; நான்கே சொற்கள். தராசின் இரு தட்டுகளைப் போல இரு பகுதிகளும் சமமாக நிற்கின்றன. ஆனால் இந்த வாசகத்தின் உண்மையான திறமை அதில் உள்ள சொற்களில் இல்லை. இல்லாத சொல்லில் இருக்கிறது. பரிசுச்சீட்டு வாங்குவோரில் ஆயிரத்தில் ஒருவன் வெல்கிறான் என்றால் எஞ்சியோர் தோற்கிறார்கள். அந்தத் தோல்விக்கு இவ்வாசகத்தில் ஒரு சொல்லும் இல்லை. தோற்றவன் ஈகையாளனாக மாற்றப்படுகிறான். கையிலிருந்த ஒரு ரூபாயை இழந்தவன், நாட்டுக்கு ஒரு ரூபாய் கொடுத்தவன் ஆகிறான். இழப்பை அறமாகப் பெயர் மாற்றித் தந்த இந்த நயத்துக்குத் தமிழ் விளம்பரக் கலையில் ஈடு காண்பது அரிது.

ஆனால் ஒரு வாசகத்தை அளக்க வேண்டுமானால் அது யாரை மனத்தில் வைத்துப் பேசுகிறது என்று பார்க்க வேண்டும். இந்த வாசகம் கேட்போனுக்கு இரண்டு உடைமைகள் உண்டு என்று கொள்கிறது. ஒன்று வீடு, மற்றொன்று நாடு. மாலையில் திரும்பிச் செல்ல ஒரு வீடும், என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு நாடும் உடையவனுக்கே இது பொருந்தும். வீடு ஆயிரம் கல் தொலைவில் இருக்க, நிற்கும் மண்ணில் அயலானாகக் கருதப்படுகிறவனிடம் இதே வாசகத்தைச் சொன்னால் அதன் பொருள் என்னவாகும்? அதை அறியத் தமிழகத்தின் வடமேற்கு எல்லைக்குச் செல்ல வேண்டும்.

சானமாவுச் சாலையில்

ஓசூரை அடுத்த சானமாவு ஒரு சிற்றூர். வெளியூரார் அதன் பெயரை அறிந்திருந்தால் யானைகளின் பொருட்டே அறிந்திருப்பர். கேழ்வரகு விளையும் பருவத்தில் கர்நாடகத்தின் பன்னேருகட்டா காடுகளிலிருந்து புறப்படும் யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளிப் பகுதிகளின் வழியே வந்து சானமாவுக் காப்புக்காட்டில் தங்குகின்றன. வனத்துறையினர் அவற்றைத் திருப்பி அனுப்புகின்றனர். அடுத்த ஆண்டு அவை மீண்டும் வருகின்றன. மாநில எல்லை என்னும் கோடு யானைக்குத் தெரியாது.

அக்காட்டைச் சுற்றியுள்ள வட்டாரத்துக்கு மனிதர்களும் அவ்வாறே வந்துகொண்டிருக்கிறார்கள். 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல் தொழிற்சாலைகள் பெருகின. கனரக வண்டிகளும் இருசக்கர வண்டிகளும் கைக்கடிகாரங்களும் அங்கே உருவாகின்றன. ரோசா மலர் வளரும் பசுமைக் குடில்கள், கல்குவாரிகள், கட்டட வேலைகள், சிறு பட்டறைகள் எனப் பிழைப்புக்கு வழிகள் பல. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து இளைஞர்கள் வந்து தங்கி உழைக்கிறார்கள். அவர்களுள் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர்களும் பலர். அவ்வட்டாரத்து முஸ்லிம்களில் பெரும்பாலோர் தக்னி உர்தூ பேசுபவர்கள். தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்து வேலைக்காகக் குடிபெயர்ந்த தமிழ் முஸ்லிம் குடும்பங்களும் அங்கு உண்டு. தெலுங்கும் கன்னடமும் தமிழும் உர்தூவும் இந்தியும் கலந்து ஒலிக்கும் அந்த மண்ணில், யார் உள்ளூரார், யார் வந்தவர் என்று பிரித்துச் சொல்வதும் எளிதன்று.

ஓர் அறையில் ஆறு பேராகத் தங்கியிருக்கும் அத்தகைய இளைஞன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். அவனுக்கு மாதக் கூலி 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உணவுக்கும் வாடகைக்கும் 6,000, ஊரிலுள்ள பெற்றோருக்கு 6,000, எஞ்சுவது 3,000. தங்கையின் திருமணத்துக்கு 2 இலட்சம் வேண்டும். மாதம் 3,000 வீதம் சேர்த்தால் 67 மாதங்கள், அதாவது ஐந்தரை ஆண்டுகள் ஆகும். தங்கைக்கோ இப்பொழுதே இருபத்திரண்டு வயது. வட்டி கூடாது என்று வளர்க்கப்பட்டவன். வங்கியில் கடன் கேட்கப் பிணை ஏதும் இல்லாதவன். அந்த நேரத்தில் அவன் கையிலிருக்கும் தொலைபேசி, முதல் ஆட்டத்துக்கு நாங்களே பணம் தருகிறோம் என்று அழைக்கிறது.

சூதாடியைப் பற்றி நாம் எழுதும்போதெல்லாம் 'பேராசை' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறோம். மேற்சொன்ன கணக்கைப் பார்த்த பிறகு அச்சொல் முழுதும் பொருந்துமா என்று ஐயம் எழுகிறது. அவனை இழுத்தது பேராசை என்பதைவிட அவசரம் என்பதே சரி. நேர்வழி ஐந்தரை ஆண்டு நீளமானது. குறுக்குவழி ஐந்து நிமிடம் என்று தோன்றுகிறது. செல்வனுக்குச் சூது பொழுதுபோக்கு. வறியவனுக்கு அது தவறாகப் போடப்பட்ட ஒரு கணக்கு. இந்த வேறுபாட்டை அறியாத அறிவுரை அவன் காதில் ஏறாது.

இழந்தபின் அவன் நிலை இன்னும் வேறு. சொந்த ஊரில் இருப்பவன் தோற்றால் அண்ணன் அறிவான், தாய்மாமன் கண்டிப்பார், கடைக்காரர் கடன் கொடுப்பதை நிறுத்துவார். இவை யாவும் வேலிகள். புலம்பெயர்ந்தவனைச் சுற்றி இவற்றுள் ஒன்றும் இல்லை. வேலைக்கு அழைத்து வந்த மேஸ்திரியிடம் முன்பணம். அறைத் தோழனிடம் கைமாற்று. பின்னர், சில நிமிடங்களில் கடன் தருவதாகச் சொல்லும் கைபேசிச் செயலி. சூதும் வட்டியும் ஒரே கண்ணாடித் திரையில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன. திருமறை தனித்தனியே தடுத்த இரண்டு தீமைகளை இந்தக் காலம் ஒரே கருவியில் இணைத்துக் கொடுத்துவிட்டது.

கோட்டின் இருபுறமும்

சட்டம் என்ன செய்தது என்று கேட்கலாம். செய்யாமல் இல்லை. 2003 சனவரியில் தமிழக அரசு பரிசுச்சீட்டுகளை அடியோடு தடை செய்தது. பிற மாநிலங்களின் சீட்டுகளைத் தடுக்க விரும்பும் மாநிலம் தன் சீட்டையும் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது 1998ஆம் ஆண்டின் மத்திய சட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் தந்த விளக்கம். எனவே தானும் கைவிட்டே தமிழகம் பிறரைத் தடுத்தது. அதே 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டமும் வந்தது. சூதுக்கும் கடனுக்கும் உள்ள உறவை அந்த ஓராண்டே நமக்கு உணர்த்தக்கூடும். கர்நாடகம் 2007இல் பரிசுச்சீட்டை நிறுத்தியது. ஆகவே இடைப்பட்ட நான்கு ஆண்டுகள், ஓசூரில் விற்கக்கூடாத சீட்டு எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியில் விற்கத்தக்கதாய் இருந்தது.

கைபேசிச் சூதின் காலத்தில் இந்த முரண் இன்னும் விந்தையானது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தமிழகம் 2020 நவம்பரில் தடுத்தது. 2021 ஆகஸ்ட் 3ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. 2021 அக்டோபரில் கர்நாடகத்தின் தடை நடைமுறைக்கு வந்தது. 2022 பிப்ரவரி 14ஆம் நாள் அம்மாநில உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. பின்னர் நீதியரசர் சந்துரு குழுவின் பரிந்துரையைப் பெற்று, 2023 ஏப்ரலில் தமிழகத்தின் புதிய சட்டம் ஆளுநரின் ஒப்புதலை அடைந்தது. அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றுக்கொண்டதாயினும், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி அவற்றை அதன் பிடியிலிருந்து விடுவித்தது. நாட்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். இரு மாநிலங்களின் இத்தடைகளும் ஒரே நாளில் நின்றதே இல்லை. இந்தப் பக்கம் கதவு மூடியபோது அந்தப் பக்கம் திறந்திருந்தது. அந்தப் பக்கம் மூடியபோது இந்தப் பக்கம் திறந்திருந்தது. எல்லையோரத்தில் வாழ்பவனுக்குச் சட்டம் சுவராக அமையவில்லை, ஊஞ்சலாக அமைந்தது.

கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டத்தை இயற்றியது. பெரிய நிறுவனங்கள் தம் பண ஆட்டங்களை நிறுத்தின. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் தடை மட்டும் போதாது என்பதற்குத் தமிழகத்திலேயே ஒரு சான்று உண்டு. 2003க்குப் பிறகும், கேரளச் சீட்டின் முடிவெண்களை வைத்து மூன்று எண் பரிசுச்சீட்டு என்னும் கள்ளச் சூது துண்டுத்தாள்களில் நடந்து வந்திருக்கிறது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் அச்சூதில் பொருளிழந்து கடனில் மூழ்கிய நகைத் தொழிலாளி ஒருவரும், அவர் மனைவியும், மூன்று பெண் குழந்தைகளும் உயிரிழந்த செய்தியை நாம் மறந்துவிடவில்லை. தடை வந்து பதினாறு ஆண்டுகள் கழிந்த பின் நேர்ந்தது அது. கடை மூடப்பட்டது, ஆனால் கடைக்கு அவரை அனுப்பிய தேவை மூடப்படவில்லை.

பழைய அரேபியாவின் பத்து அம்புகள்

சூது தீதாயினும் அதனால் ஏழைகளுக்கு நன்மை விளைகிறதே என்பது 1968இன் வாசகத்துக்குள் பொதிந்திருந்த வாதம். கேரளத்தில் 1967இல் நாட்டின் முதல் அரசுப் பரிசுச்சீட்டைத் தொடங்கியபோதும் நலத்திட்டங்களுக்கு வருவாய் தேவை என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. அதை வகுத்த நிதியமைச்சர் பி. கே. குஞ்சு சாஹிப் அவர்கள் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவரே என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. நல்லெண்ணம் கொண்டோரையும் இணங்க வைக்கும் வலிமை அந்த வாதத்துக்கு உண்டு என்பதைக் காட்டவே இதைக் கூறுகிறோம்.

ஆனால் அந்த வாதம் புதிதன்று. திருமறை 'மைஸிர்' என்று குறிப்பிடும் சூது எவ்வாறு நடந்தது என்பதை விரிவுரையாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். ஓர் ஒட்டகம் அறுக்கப்படும். பத்து அம்புகள் ஒரு பைக்குள் இடப்படும். ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்குகள் உண்டு. மூன்று வெற்று அம்புகள். வெற்று அம்பு வாய்த்தவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். வென்றவர்கள் இறைச்சியைத் தாம் உண்பதில்லை, ஏழைகளுக்கு வழங்கிவிடுவார்கள். அதில் கலந்துகொள்ளாதவன் கருமி என்று இகழப்பட்டான். குளிர்காலப் பஞ்சத்தில் வறியோருக்கு உணவு கிடைக்க அது ஒரு வழியாகவும் இருந்தது. விழாவிட்டால் நாட்டுக்கு என்ற கருத்தின் பழைய அரபு வடிவம் இதுவே அன்றோ?

திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 219ஆம் வசனம் இந்த நன்மையை மறுக்கவில்லை என்பதை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். மதுவிலும் சூதிலும் மக்களுக்குப் பயன்களும் உண்டு என்று ஒப்புக்கொண்ட பின்னரே, அவற்றின் பாவம் பயனைவிடப் பெரிது என்று அது தீர்ப்பளிக்கிறது. ஐந்தாம் அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்கள் முழுத் தடையை விதிக்கும்போது அதற்குக் கூறும் காரணமும் கருதத்தக்கது. பொருள் அழியும் என்று அங்கே சொல்லப்படவில்லை. மனிதர்களுக்கிடையே பகையும் வெறுப்பும் மூளும், இறைநினைவும் தொழுகையும் தடைப்படும் என்பதே காரணமாகக் காட்டப்படுகிறது. அதாவது திருமறையின் பார்வையில் சூது ஒருவன் பணப்பைக்கு நேரும் கேடு மட்டுமன்று. மனிதனுக்கும் மனிதனுக்கும், மனிதனுக்கும் இறைவனுக்கும் இடையிலுள்ள உறவை அறுப்பது. ஊரைப் பிரிந்து வந்தவனுக்கு உறவைத் தவிர வேறு முதல் இல்லை. எனவே அவனிடம் சூது பறிப்பது அந்த முதலையே.

திறமையா, தற்செயலா என்ற வழக்கும் இங்கே தெளிவு பெறுகிறது. ரம்மி முதன்மையாகத் திறமையின் ஆட்டம் என்று 1960களின் இறுதியில் உச்ச நீதிமன்றம் கூறியது. 1974இல் தமிழக அரசு சட்டமியற்றி ஒழித்த குதிரைப் பந்தயத்தையும், திறமை சார்ந்தது என்று கூறி 1996இல் அதே நீதிமன்றம் மீட்டளித்தது. நம் ஃபிக்ஹ் அறிஞர்கள் கேட்ட கேள்வி வேறு. குதிரை ஓட்டத்துக்கும் ஒட்டக ஓட்டத்துக்கும் அம்பெய்தலுக்கும் பரிசு வழங்க அவர்கள் இடம் தந்தார்கள். திறமையை அவர்கள் வெறுக்கவில்லை. ஆனால் ஆடுவோர் ஒவ்வொருவரும் தம் பொருளை வைத்து, ஒருவர் இழப்பதை மற்றவர் பெறுவதானால் அது சூது என்றார்கள். ஆட்டம் எப்படிப்பட்டது என்பதைவிட, பணயம் யாருடையது என்பதே அவர்களின் அளவுகோல். திறமையாயினும் தற்செயலாயினும் பணயம் வைத்தால் தடை என்று 2025ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னபோது, நீண்ட சுற்றுக்குப் பின் அதே அளவுகோலின் அருகே நாடு வந்து சேர்ந்திருக்கிறது.

அரசர்களின் சூதும் அடியவர்களின் சூதும்

தமிழ் இலக்கியம் இப்பொருளை எவ்வாறு கண்டது? நம் நினைவுக்கு உடனே வருபவர்கள் தருமனும் நளனும். புகழேந்தி நளனைப் பாடினார். பாரதியார் 1912இல் பாஞ்சாலி சபதத்தின் முதற்பகுதியை வெளியிட்டார். இவை ஒப்பற்ற படைப்புகள். எனினும் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. இவற்றில் சூதாடுபவன் அரசன். அவன் இழப்பது நாடு. கடைசியில் அதை மீட்டுக்கொள்கிறான். கூலிக்காரன் இழப்பதை மீட்டுத் தரும் கதை எதுவும் இல்லை. அரசனின் வீழ்ச்சியைக் கண்டு இரங்கப் பழகிய நம் உள்ளம், சானமாவில் வாடகை அறையில் விழித்திருக்கும் ஒருவனின் வீழ்ச்சியைக் கண்டு இரங்கப் பழகவில்லை.

ஆயினும் பாஞ்சாலி எழுப்பும் வினா இன்றும் உயிரோடு இருக்கிறது. தன்னையே இழந்தவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை என்பதே அவ்வினாவின் சாரம். சபையோர் அதற்குத் தெளிவான விடை தரவில்லை. நம் மார்க்கம் தந்தது. மனைவியின் மஹர் அவளுடைய தனியுடைமை. அவள் தாய்வீட்டிலிருந்து கொண்டு வந்த நகை அவளுடையது. கணவன் அதைத் தொட அவள் மனமார்ந்த சம்மதம் வேண்டும். சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், எத்தனை வீடுகளில் வளையல்கள் அடகுக் கடைக்குச் சென்ற பிறகே மனைவி அறிகிறாள்! பதில் தெரிந்தும் அதை வாழ்வில் நிறைவேற்றாத நாம், பதில் சொல்லாத அந்தச் சபையைக் குறை கூறலாமா?

வள்ளுவரின் முறை காப்பியக் கவிஞர்களின் முறையினின்று வேறுபட்டது. அவர் சூதைப் பற்றிய தொண்ணூற்று நான்காம் அதிகாரத்தை அறத்துப்பாலில் வைக்கவில்லை, பொருட்பாலில் வைத்தார். அதற்கு முன்னே கள்ளுண்ணாமை, பின்னே மருந்து. மதுவையும் சூதையும் அடுத்தடுத்து நிறுத்திய அந்த வரிசை, திருமறையில் அவ்விரண்டும் இணைந்து வருவதை அறிந்த நமக்கு வியப்பளிக்கிறது. அடுத்த அதிகாரம் நோயையும் மருந்தையும் பேசுவது அதைவிடப் பொருள் பொதிந்தது. தீமையைச் சொல்லி முடித்ததும் தண்டனைக்குச் செல்லாமல் மருந்துக்குச் செல்லும் நூல் அது. சூது தனிமனிதன் ஒழுக்கக் குறை மட்டுமன்று, பொருளியல் கேடு, மருந்து தேடவேண்டிய பிணி என்பதை அந்த வைப்புமுறையே உணர்த்துவதாகக் கொள்ளலாம்.

கடலுக்கு அப்பால்

இந்தப் பிணி எல்லையோரத் தொழிற்பேட்டைக்கு மட்டும் உரியதன்று. நம் மக்கள் கடல் கடந்து சென்ற நாடுகளில் சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். 2010இல் அங்கே இரண்டு சூதாட்ட மாளிகைகள் திறக்கப்பட்டன. தன் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் காக்க விரும்பிய அரசு, அவர்கள் உள்ளே நுழைய நாளொன்றுக்கு 100 வெள்ளி கட்டணம் விதித்தது. 2019இல் அதை 150 வெள்ளியாக உயர்த்தியது. வெளிநாட்டவருக்கு அக்கட்டணம் இல்லை. குடும்பத்தார் விண்ணப்பித்துச் சூதாடியை உள்ளே விடாமல் தடுக்கும் ஏற்பாடும் அங்கே உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இராமநாதபுரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து சென்ற தொழிலாளியின் மனைவி, கணவன் எங்கே செல்கிறான் என்பதையே அறியாதிருக்க, எவ்வாறு விண்ணப்பிப்பாள்? வேலி குடிமகனைச் சுற்றி எழுப்பப்பட்டது. வந்தவன் வேலிக்கு வெளியே நின்றான்.

மலேசியாவில் வேறு விதம். 1971இல் திறக்கப்பட்ட கெந்திங் மலைச் சூதாட்ட மாளிகைக்குள் முஸ்லிம்கள் நுழையச் சட்டம் இடம் தருவதில்லை. நம்மவர் காக்கப்பட்டனர் என்று மகிழ்வது எளிது. ஆனால் அதே மண்ணில் பால்மரத் தோட்டங்களில் வியர்வை சிந்திய பிற சமயத்துத் தமிழர்க்கு அந்தக் காவல் இல்லை. சூது தீமையென்றால் அது எல்லார்க்கும் தீமை. நம் வீட்டு வாசலில் மட்டும் தடுத்து, அண்டை வீட்டுக்குள் நுழைய வழிவிடுவது மார்க்கத்தின் நோக்கத்துக்கு நிறைவு தருமா என்று நாம் சிந்திக்க வேண்டும்.

நம்மை நோக்கி

பிறரை இவ்வளவு திறனாய்ந்த பின் நம்மையும் திறனாய்வதே நேர்மை. சூதைப் பற்றி நம் இதழ்களில் வரும் கட்டுரைகளையும் நம் மேடைகளில் ஒலிக்கும் சொற்பொழிவுகளையும் எண்ணிப் பாருங்கள். வசனம் ஓதப்படுகிறது, ஹராம் என்று கூறப்படுகிறது, கேட்போர் தலையசைக்கிறார்கள், கூட்டம் முடிகிறது. சூதாடாதவர்களுக்குச் சூதாடாதீர்கள் என்று சொல்லிக் கலைகிறோம். ஏற்கனவே விழுந்துவிட்டவனுக்கு நம் சொற்பொழிவில் ஒரு வரியும் இல்லை. விளம்பர வாசகத்தில் தோற்றவனுக்கு ஒரு சொல் இல்லை என்று முன்பு குறை கூறினோமே, அதே குறை நம் உரைகளிலும் இருக்கிறது!

இதன் விளைவு கொடிது. சிறுபான்மைச் சமுதாயத்தில் மானம் கூட்டு உடைமை. ஒருவன் தவறினால் 'இந்த ஆட்களே இப்படித்தான்' என்று ஊர் சொல்லிவிடுமோ என்று அஞ்சி, குடும்பம் மறைக்கிறது; ஜமாஅத் கேளாதது போல் இருக்கிறது. தடுக்கப்பட்ட ஒன்றைச் செய்துவிட்டவன், அது தடுக்கப்பட்டது என்பதாலேயே உதவி கேட்க அஞ்சுகிறான். இரகசியம் சூதின் செவிலித்தாய். பத்தாயிரம் கடனில் வெளிப்பட்டிருக்க வேண்டியது, மூன்று இலட்சத்தில் வெளிப்படுகிறது. சில வேளைகளில் ஜனாஸாவின் போதுதான் வெளிப்படுகிறது.

மருந்து நம் கையிலேயே இருக்கிறது. ஸகாத்துக்கு உரியோர் எண்மர் என்று திருமறையின் ஒன்பதாம் அத்தியாயம் 60ஆம் வசனம் வகுத்துள்ளது. அவர்களுள் கடனில் மூழ்கியவர் ஒரு வகையினர். பாவத்தில் கடன்பட்டவனுக்கும் கொடுக்கலாமா என்ற கேள்வியை நம் முன்னோர் எழுப்பாமல் இல்லை. ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி அவர்கள், அவன் தவ்பா செய்து திருந்தினால் கொடுக்கலாம் என்பதையே சரியான கருத்தாகக் கொண்டார்கள். எத்துணை ஆழமான சட்டம்! திருந்துவதற்கு ஒரு வழியையும் திருந்தியவனுக்கு ஒரு பரிசையும் அது ஒருங்கே வைத்திருக்கிறது. ஆனால் நம் ஊர்களின் ஸகாத் பட்டியலை எடுத்துப் பாருங்கள். விதவைகள் உண்டு, மாணவர்கள் உண்டு, நோயாளிகள் உண்டு. கடனாளிகள் என்ற தலைப்பு பெரும்பாலும் வெற்றிடமாகவே இருக்கும்.

எனவே மூன்று வேண்டுகோள்களைச் சமுதாயத்தின் முன் வைக்கிறோம். முதலாவது, ஜமாஅத்தின் பைத்துல்மாலில் கடனாளிகளுக்கென ஒரு பகுதி ஒதுக்கப்பட வேண்டும். பணத்தை அவன் கையில் தராமல், கடன் கொடுத்தவரிடம் நேரே செலுத்தி, அவன் கூலியிலிருந்து வட்டியின்றிச் சிறிது சிறிதாகத் திரும்பப் பெறலாம். அது மற்றொருவனுக்கு உதவும். திரும்பத் தர இயலாத ஏழைக்கு ஸகாத்தே இருக்கிறது. விசாரிக்கும் பொறுப்பை வாய் காக்கும் இரண்டு பெரியவர்களிடம் ஒப்படைத்தால் போதும். பெயர் வெளியே வரத் தேவையில்லை. இரண்டாவது, ஓசூர் போன்ற தொழில் ஊர்களின் பள்ளிவாசல்களில் வெள்ளிக்கிழமை உரையின் சாரமாவது வந்தவர்களின் மொழியில் சொல்லப்பட வேண்டும். கடைசி வரிசையில் தொழுதுவிட்டு யாரிடமும் பேசாமல் வெளியேறும் இளைஞனிடம், எந்த ஊர் தம்பி, சாப்பிட்டாயா என்று ஒருவர் கேட்டால், அது பல சொற்பொழிவுகளுக்குச் சமம். மூன்றாவது, நம் எழுத்தாளர்கள் இந்த வாழ்க்கையை எழுத வேண்டும். சூதாடியை வில்லனாக்கி முடிக்கும் கதைகள் போதும். அடகுக் கடைச் சீட்டைத் தலையணைக்குள் கண்டெடுத்த பெண்ணின் ஓர் இரவை எழுதுங்கள்.

இவை யாவும் சூதை எளிதாக்கிவிடும், தவறுக்குப் பாதுகாப்பு அளித்துவிடும் என்று சிலர் கருதக்கூடும். அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தவ்பா என்னும் நிபந்தனை அதற்காகவே இருக்கிறது. ஒருமுறை கைகொடுத்த பின் மீண்டும் அதே குழியில் வேண்டுமென்றே இறங்குபவனுக்குப் பணம் தரக் கடமையில்லை. ஆனால் அவன் மனைவி மக்களுக்கு உணவளிக்கும் கடமை அப்பொழுதும் நீங்காது. ஹராம் என்ற தீர்ப்பு ஒரு மயிரிழையும் தளரத் தேவையில்லை. தீர்ப்பு கடுமையாக இருக்கட்டும். கை மென்மையாக இருக்கட்டும். மது அருந்தியதற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவரைத் தோழர்கள் சபித்தபோது, அவ்வாறு சபித்து அவருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்ற பொருளில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பதை நாம் அறிவோம். தண்டனையும் பரிவும் அந்தச் சபையில் ஒன்றாக இருந்தன.

தொடங்கிய வாசகத்துக்கே திரும்புவோம். விழுதல் என்ற சொல்லுக்குத் தமிழில் பரிசு விழுதல் என்ற பொருள் பிற்காலத்தில் வந்தது. அதற்கு முன்பும் பின்பும் அதன் பொருள் நிலை தவறிக் கீழே சாய்வதே. பரிசுச்சீட்டு தமிழகத்தை விட்டுப் போய்விட்டது. அந்த வாசகத்தை இனி நாம் வேறு பொருளில் எடுத்துக்கொள்ளலாம். ஒருவன் விழுந்தால், அவன் சானமாவில் விழுந்தாலும் சிங்கப்பூரில் விழுந்தாலும், அவனைத் தூக்கி வீட்டுக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். வீடு தொலைவில் இருப்பவனுக்கு அருகிலுள்ள பள்ளிவாசலே வீடு. அதன் கதவு அவனுக்குத் திறந்திருக்குமா என்பதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாம். அதற்குரிய தெளிவையும் துணிவையும் வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக.